பதினொரு சோடிகளும் நாங்களும்

தொண்ணூறுகளின் முற்பாதியில், லண்டனின் தெற்கே சட்டனில் ஒரு டிராவல் ஏஜென்சியில் எனக்கு வேலை. கடைத்தெருவில் சப்பாத்துக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே ஒடுங்கிய ஓர் அறை. முன்னால் இரண்டு மேசை, பின்னால் முதலாளியின் மேசை, அதன் பக்கத்தில் எந்நேரமும் சூடாக இருக்கும் பேக்ஸ் இயந்திரம். கொழும்புக்கும் மெட்ராசுக்கும் டிக்கெட் கேட்டு வரும் நம்மவர்களுக்காகத்தான் முதலாளி என்னை வேலைக்கு எடுத்திருந்தார். அவர்கள் விடுமுறைக் காலங்களில்தான் வருவார்கள். மற்ற மாதங்களில் நான் உலக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேசை அதிர்கிறது என்று பக்கத்து மேசைப் பெண் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

ஒரு ஜனவரிக் காலையில் ஐம்பது வயது மதிக்கக்கூடிய ஓர் ஆங்கிலேயப் பெண் உள்ளே வந்தார். குடையை வாசலிலேயே நன்றாக உதறி மடக்கிவிட்டு என் முன்னால் அமர்ந்தார். பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வேலை என்றார். பதினொரு சோடிகளுக்கு மே மாதத்தில் ஒரு கிழமைப் பயணம் ஒழுங்குசெய்ய வேண்டும், ஸ்பெயினின் தெற்குக் கரைக்கு. பிள்ளைகளுக்கு இடமில்லாத விடுதியாக இருக்க வேண்டும், வளர்ந்தவர்கள் மட்டும். வருபவர்கள் எல்லோரும் திறந்த மனமுடையவர்கள், விடுதிக்காரர்களும் அப்படி இருந்தால் நல்லது என்றார்.

நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பிள்ளைகள் வேண்டாம் என்றால் சத்தம் பிடிக்காத வயதானவர்கள் என்று விளங்கிக்கொண்டேன். திறந்த மனம் என்றால் எந்த நாட்டுச் சாப்பாட்டையும் முகம் சுளிக்காமல் சாப்பிடுபவர்கள். அன்றே மூன்று விடுதிகளுக்கு பேக்ஸ் அனுப்பினேன். எங்கள் விருந்தினர்கள் மிகவும் திறந்த மனமுடையவர்கள், குறிப்பாக உங்கள் ஊர் மீன் வகைகளில் ஆர்வமுள்ளவர்கள் என்று அதில் எழுதியிருந்தேன். ஒரு விடுதியிலிருந்து ஒரேயொரு கேள்விக்குறி மட்டும் பதிலாக வந்தது.

எழும்பும்போது அந்தப் பெண் எனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு பஸ் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார். அவர் போன பிறகும் அந்தச் 'சரி' காதில் இருந்தது. இல்லை என்ற என் பதிலுக்குப் பிறகு ஒருவர் பஸ்ஸைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அப்போது எங்களுக்குக் கலியாணமாகி ஏழு வருடம். கணவர் எண்பத்தாறில் அகதியாக வந்தவர், நான் அடுத்த வருடம் அவரைக் கட்டுவதற்காக வந்தவள். அவருக்குக் குரொய்டனில் ஓர் அச்சகத்தில் காலை ஷிப்ட். நான் எழும்பும்போது அவர் போயிருப்பார். நான் வரும்போது சாய்ந்த நாற்காலியில் செய்தி பார்த்துக்கொண்டு இருப்பார். கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தியதே இல்லை. எதைக் கேட்டாலும் மறுக்காமல் 'ஓம்' என்பார். பிள்ளைக்காக ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று நான் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னார். மூன்று வருடமாக ஊசியும் ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் எனக்கு. என்னில் ஒரு குறையும் இல்லை, காரணம் பிடிபடவில்லை என்றே டாக்டர்கள் சொன்னார்கள். அவர் வெளியே என் கோட்டைப் பிடித்துக்கொண்டு இருப்பார்.

அவருடைய அக்கா, என் மச்சாள், ஹரோவில் இருந்தார். சனிக்கிழமைகளில் அவருடைய பிள்ளைகள் தமிழ் வகுப்பு முடிந்து வரும் நேரம் பார்த்து நாங்களும் போவோம். வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். இன்னும் ஒன்றும் இல்லையா என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் மச்சாளே சொல்லத் தொடங்குவார். யாரோ சொன்ன நாட்டு மருந்தைக் கரைத்து என் வாயில் ஊற்றவும் செய்வார். என்னுடைய கருப்பையைப் பற்றி அந்த வரவேற்பறையில் எனக்கே தெரியாத செய்திகள் எல்லாம் இருந்தன. நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போய்விடுவேன், கழுவியவற்றையும் திரும்பக் கழுவுவேன். கணவர் அங்கேயும் செய்திதான் பார்த்துக்கொண்டு இருப்பார்.

இரண்டாம் தடவை அந்தப் பெண் வந்தபோது, அறைகளுக்கு நடுவே கதவு இருந்தால் நல்லது என்றார். அந்தக் கதவுகளைப் பாதுகாப்பாகப் பூட்டிவைக்கச் சொல்லுகிறேன் என்று நான் உறுதி கொடுத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, ஒரு பல்லைப் பிடுங்கப் போவதை நோயாளிக்கு விளக்குவது போல, குரலைத் தாழ்த்திப் பொறுமையாகச் சொன்னார். அவர்கள் எல்லோரும் கணவன் மனைவியாக வாழ்பவர்கள்தான். அதோடு, வேறு சோடிகளுடனும் பழகுபவர்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் செய்வதில்லை. எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் சம்மதித்து.

விளங்கியது. நான் ஸ்டேப்லரைத் திறந்து, நிறைய இருந்த ஊசிகளின் மேல் இன்னும் ஊசி போட்டேன்.

"உங்களுக்கு இது பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள்" என்றார் அவர். "வேறு இடத்தில் கேட்டுக்கொள்கிறேன். காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை."

நாளைக்குச் சொல்லுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். முதலாளியிடம் கேட்டேன். அவர் சிகரெட்டை அணைத்துவிட்டு, எல்லோரும் வயது வந்தவர்கள், சட்டத்தில் குற்றமில்லை, ஆனால் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன் என்றார். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருக்கையில் இருக்க முடியவில்லை, நின்றுகொண்டே போனேன். அருவருப்பு இருந்தது, மறுக்கவில்லை. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. காரணம் சொல்ல வேண்டாம் என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை. அடுத்த நாள் அவருக்குத் தொலைபேசி எடுத்து, செய்கிறேன் என்றேன்.

அது நான் நினைத்ததைவிடச் சிக்கலான வேலை. அந்த இருபத்திரண்டு பேருக்கும் ஒருவரின் குடும்பப் பெயர் மற்றவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. விமானச் சீட்டில் கடவுச்சீட்டுப் பெயர்தான் இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு சோடியும் தங்கள் விபரங்களை ஒட்டிய உறையில் எனக்கு நேரே அனுப்பினார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை எண் கொடுத்தேன். பெட்டிகளில் ஒட்டும் சீட்டிலும் எண்தான். ஆக, எல்லோருடைய பெயரும் தொழிலும் தெரிந்த ஒரே ஆள் நான். ஆசிரியர் ஒருவர், தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர் ஒருவர், பூனை வளர்க்கும் ஒரு சோடி. பூனையை யாரிடம் விடலாம் என்று அவர்கள் மூன்று தடவை என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஏதாவது எழுத வேண்டுமே என்று யோசித்து, 'தோட்டக் கழகம்' என்று எழுதினோம்.

அந்தப் பெண்ணிடம் தடித்த மட்டையுடன் ஒரு கொப்பி இருந்தது. விதிகளை அதில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு சோடிக்கும் பிரதி அனுப்பி இருவரிடமும் கையெழுத்து வாங்கச் சொன்னார், நான்தான் தட்டச்சு செய்தேன். யாரும் எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம். வேண்டாம் என்றவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. ஒரு தடவை ஓம் என்றது அடுத்த தடவைக்குச் செல்லாது. இந்த வரியில் எழுத்துப் பிழை வந்து வந்து, அந்தப் பக்கத்தை மூன்று தரம் திருப்பி அடித்தேன்.

இருபத்திரண்டு பேர் போனால் ஏஜென்சியின் ஆள் ஒருவர் துணைக்குப் போக வேண்டும் என்பது விடுதியின் நிபந்தனை. முதலாளிக்கு முழங்கால் வருத்தம். பக்கத்து மேசைப் பெண்ணுக்குச் சின்னப் பிள்ளை. நீ போ, கணவரையும் கூட்டிக்கொண்டு போ, வந்த நாளிலிருந்து நீ விடுமுறையே எடுக்கவில்லையே என்றார் முதலாளி. வேலைப் பயணம், ஸ்பெயின் என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். அவர் ஓம் என்றார்.

எங்களுக்கு விசா வேண்டும். அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகத்துடன் காலையிலிருந்து வரிசையில் நின்றோம். வரிசை ஊர்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எத்தகைய ஆட்களுடன் போகிறோம் என்பதை, முன்னால் நிற்பவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லிவிட்டேன். வரிசை இரண்டு ஆள் தூரம் நகர்ந்தது.

"அவையள் தங்கட விருப்பத்துக்குச் செய்யினம்" என்றார் கடைசியில். "நாங்கள் டிக்கெட் குடுக்கிறம். வேற என்ன?"

"வேற ஒண்டும் இல்லை."

"அப்ப சரி. ஆனா அக்காவுக்குச் சொல்ல வேண்டாம்."

விமான நிலையத்தில் கோயிலில் கண்டு பழகிய ஒரு பெண் துப்புரவு வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களிடம் வந்தார். எங்கே பயணம் என்று கேட்டார். தோட்டக் கழகத்துடன் போகிறோம் என்றேன். அவர் அந்த நரைத்த தலைகளையும் தொப்பிகளையும் பார்த்துவிட்டு, மல்லிகை இந்தக் குளிரில் பிடிக்குமா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார். ஆறாம் எண் கணவரிடம் கேட்டேன். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது. சாடியில் வைத்து, ஜன்னலோரம், தண்ணீர் குறைவாக என்றார்.

விடுதி கடலைப் பார்த்தபடி வெள்ளையாக இருந்தது. ஒரு பக்கச் சிறகு முழுவதும் எங்கள் கூட்டத்துக்கு. வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த சிறிய அறை எங்கள் இருவருக்கும். நான் எதையோ பார்த்துவிடப் போகிறேன் என்று முதல் நாள் முழுவதும் தலையைக் குனிந்தே நடந்தேன். பார்த்ததெல்லாம், சூரிய வெப்பத்தில் முதுகு சிவந்த நடுத்தர வயதுக்காரர்கள், சீட்டாட்டம், யாருக்கு எந்த மீன் ஒத்துக்கொள்ளாது என்ற விவாதம். மற்றதெல்லாம் கதவுகளுக்கு அப்பால். என் அமைதியின்மைக்குக் காரணம் வேறு என்று இரண்டாம் நாள்தான் தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு பிள்ளைச் சத்தமும் இல்லை. ஏழு வருடத்தில் முதல் தடவையாக என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறுதலாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. கேட்க யாரும் இல்லாதபோது, நானே என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, சாப்பாட்டு மண்டபம் திறப்பதற்கு முன், ஏழாம் எண் மனைவி பெட்டியுடன் வரவேற்பு மேசைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். வீட்டுக்குப் போக வேண்டும், இன்றே என்றார். நான் விமான நேரங்களைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவருடைய கணவர் பின்னாலேயே வந்தார். எல்லோரும் என்ன நினைப்பார்கள், நீதானே சம்மதித்தாய், எழுத்தில் கையெழுத்தும் போட்டாயே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பெண் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை.

"நீங்கள் கேட்டீர்கள், அதனால் ஓம் என்றேன்" என்றார். "பதினான்கு வருடமாக நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஓம் என்றிருக்கிறேன். அது சம்மதம் என்று நினைத்தீர்களா?"

அதற்குள் பல் வைத்தியரிடம் வேலை செய்யும் எங்கள் ஒழுங்கமைப்பாளர், கொப்பியும் கையுமாக, ஈரத் தலையுடன் வந்துவிட்டார். கணவரிடம், நீங்கள் ஏன் என்று கேட்டுவிட்டீர்கள், இனிக் கேட்கக் கூடாது, போய்த் தேநீர் குடியுங்கள் என்றார். சத்தம் போடவில்லை. அந்த மனிதர் போனார். நான் மத்தியான விமானத்தில் ஓர் இடம் பிடித்தேன். என் கணவர், யாரும் கேட்காமலே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டாக்சியில் வைத்தார். அந்தப் பெண் அவருக்கு நன்றி சொல்லக் கை நீட்டியபோது, இவர் அந்தக் கையைச் சற்று அதிக நேரம் பிடித்திருந்ததைக் கண்டேன்.

டாக்சி போன பிறகு அவர் விடுதிக்குள் வரவில்லை. கடற்கரைப் பக்கம் நடந்தார். நானும் போனேன். காலை வெயில், கரையில் கதிரைகளை விரித்துக்கொண்டிருந்த ஒரு வேலையாள், வேறு யாரும் இல்லை.

"நானும் அந்த மனிசி மாதிரித்தான்" என்றார்.

"எதில?"

"ஓம், ஓம் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறதில." கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். "எனக்குப் பிள்ளை வேண்டாம். நான் ஒருநாளும் விரும்பினதில்லை."

கால் மணலில் நின்றதா நடந்ததா என்று எனக்கு நினைவில்லை. அவர்தான் சொல்லிக்கொண்டே போனார். ஊரைவிட்டு வருவதற்கு முந்திய மாதம், ஒழுங்கையில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் பதுங்கியிருக்கிறார்கள். தமையனுடைய கைக்குழந்தை இவருடைய மடியில். அது அழப் பார்த்தது. இவர் வாயைப் பொத்தினார். சப்பாத்துச் சத்தம் போய் முடியும்வரை பொத்தினார். கையை எடுத்தபோது குழந்தை நீலம் பாரித்திருந்தது.

"பிள்ளை தப்பிட்டுது" என்றார். "இப்ப கனடாவில பள்ளிக்கூடம் போகுது. ஆனா அப்ப நான் கையை எடுக்கேல்லை. அது துடிக்கிறது தெரிஞ்சுது, எடுக்கேல்லை. அதுக்குப் பிறகு ஒரு குழந்தையைத் தூக்க எனக்கு ஏலாது. நீர் கவனிக்கேல்லையோ?"

கவனித்திருந்தேன். ஹரோவில் யாராவது குழந்தையை நீட்டினால் அவர் தொலைக்காட்சியைப் பார்ப்பார். அது வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

"பிறகு ஏன் என்னோட ஆஸ்பத்திரிக்கு வந்தனீங்கள்?"

"நீர் கேட்டனீர். ஒவ்வொரு மாதமும் இல்லையெண்டு வரேக்க, நீர் குளியலறையில அழுவீர். நான் வெளியில நிண்டு கடவுளுக்கு நன்றி சொல்லுவன். அதுதான் உண்மை."

அவருக்காக நான் அழுதிருக்க வேண்டும். அந்தத் தொட்டியையும் அந்தக் கையையும் நினைத்து அவரைத் தொட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. என் இரண்டு கைகளிலும் ஊசி குத்திய இடங்கள் நினைவுக்கு வந்தன. மூன்று வருடம். மச்சாளின் வரவேற்பறை. நான் திரும்பி விடுதிக்கு நடந்தேன். மிச்சம் நான்கு நாளும் இருபத்தொரு பேருக்குச் சாப்பாடும் பஸ்ஸும் பார்த்தேன். எங்கள் அறையில் அவர் ஒரு கட்டிலிலும் நான் ஒரு கட்டிலிலுமாக, ஒரு வார்த்தையும் இல்லாமல் இருந்தோம்.

லண்டனுக்கு வந்த அடுத்த கிழமை நான் இல்ஃபோர்ட்டில் ஒரு வீட்டின் மேல்மாடி அறைக்குப் போய்விட்டேன். என்னுடன் படித்த ஒருத்தியின் வீடு. அங்கிருந்து சட்டனுக்கு வேலைக்குப் போக இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும். எனக்கு அந்தத் தூரம் வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டே இருந்தால் யோசிக்க நேரமிராது என்று நினைத்தேன். ரயிலில்தான் அதிகம் யோசித்தேன்.

மச்சாளுக்கு விஷயம் போனது, பாதி விஷயம். பிள்ளை பெறாதவள் வீட்டையும் விட்டுப் போய்விட்டாள் என்று பேச்சு நடந்தது. ஓகஸ்டில் கணவர் என் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்து, சனிக்கிழமை ஹரோவுக்கு ஒரு தடவை வர முடியுமா என்று கேட்டார். வரமாட்டேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சரி என்று வைத்துவிட்டார். அதனால்தானோ என்னவோ, சனிக்கிழமை நான் போனேன்.

வழக்கமான ஆட்கள் இருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. அவர் தொலைக்காட்சியை அணைத்தார். நின்றபடியே பேசினார்.

"அக்கா, இவவில ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் பிள்ளை வேண்டாம். நான் அதை இவவுக்குச் சொல்லேல்லை. ஏழு வருசமா நீங்கள் எல்லாரும் இவவைப் பேசேக்க நான் பாத்துக்கொண்டு இருந்தனான். பிழை என்ர."

மச்சாள் கையில் பிடித்திருந்த தட்டை மேசையில் வைத்தார். தம்பியை அல்ல, என்னைத்தான் பார்த்தார்.

"இவன் சொல்லுறது உண்மையோ?"

"ஓம்."

"எனக்கு ஒருக்காச் சொல்லியிருக்கலாமே" என்றார். "நான் உன்ர வாயில எவ்வளவு மருந்தை ஊத்தினன்." பிறகு அடுக்களைக்குப் போனார். அவர் அழுவதை முதன்முதலாகக் கேட்டேன். கேட்டு எனக்குத் திருப்தி வந்தது, அதற்காகப் பிறகு வெட்கப்பட்டேன்.

நான் உடனே வீட்டுக்குத் திரும்பவில்லை. இன்னும் ஐந்து மாதம் எடுத்தது. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் இல்ஃபோர்ட்டுக்கு வருவார், பூங்காவில் இரண்டு சுற்று நடப்போம், போய்விடுவார். ஒரு ஞாயிறு, உமக்கு வேண்டுமென்றால் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போவோம், நான் வருகிறேன் என்றார். எனக்கு முப்பத்தாறு வயது.

"இது விருப்பமோ, இல்லாட்டி இன்னொரு ஓமோ?" என்று கேட்டேன்.

அவர் ஒரு முழுச் சுற்று பேசாமல் நடந்தார். "தெரியேல்லை" என்றார்.

தெரியவில்லை என்று சொன்ன மனிதருடன் இருக்கலாம் போலத் தோன்றியது. ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. அது என் முடிவு, அதை அவர் தலையில் போட்டதில்லை. முடிவெடுத்தபின் மனம் அடங்கும் என்பார்கள். என் மனம் அடங்கவில்லை. வயது நாற்பது தாண்டிய தொண்ணூற்றொன்பதுவரை, குடும்பங்கள் பிள்ளைகளோடு டிக்கெட் எடுக்க வரும் ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் முன்னால் எனக்கு உடம்பு சுடும், நகம் கடிப்பேன், அலுமாரிகளை எல்லாம் காலி செய்து திரும்ப அடுக்குவேன்.

நான் வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் சண்டை அதிகமாகிவிட்டது. முன்பு இல்லாத சத்தம். சோற்றுக்கு உப்பு, ஜன்னல் திறப்பது, கனடாவுக்குக் கலியாணத்துக்குப் போவதா இல்லையா, எல்லாவற்றுக்கும் அவர் ஏலாது என்றும் நான் ஏலும் என்றும் நிற்போம். பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டி, எல்லாம் நலம்தானே என்று கேட்டார். நலம், பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன்.